பாஞ்சாலை வீட்டு ஒன்பதாம் ரீல்

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பக்கத்து ஜனங்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை இருந்தவர்கள் பிள்ளையைத் தூக்கினார்கள், ஆடு இருந்தவர்கள் ஆட்டைத் தூக்கினார்கள். ஒருவர் வீட்டு டிவியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். ரிமோட்டை மறந்துவிட்டதாகப் பாதி வழியில் நின்று புலம்பினார். பாஞ்சாலை ஒரு ஊறுகாய்ச் சாடியோடு வந்தாள்.

திண்டிவனம் ரோட்டு மேட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சாடி அவள் மடியில் இருந்தது. வாயைத் துணியால் கட்டி, அதன்மேல் களிமண் பூசியிருந்தாள். "உசுரு போற நேரத்துல ஆயாவுக்கு ஊறுகா கேக்குது பாரேன்" என்று எவனோ சொன்னான். அந்த நிலையிலும் சிலர் சிரித்தார்கள். பாஞ்சாலை சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. சாடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மரக்காணம் கடைத்தெருவில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ உண்டு. என் பெயர் செந்தமிழ். பெயரைப் பார்த்துவிட்டு மேடையில் பேசக் கூப்பிடாதீர்கள், எனக்குப் பேச வராது. கடல் வந்து போன பிறகு பல வாரங்களுக்கு எனக்கு வந்த வேலை ஒன்றே ஒன்றுதான். செத்தவர்களைப் பெரிதாக்குவது. ரேஷன் கார்டு, கல்யாண குரூப் போட்டோ, பள்ளிக்கூடத்தில் எடுத்த வகுப்புப் படம் என்று எதில் முகம் இருந்தாலும் கொண்டுவருவார்கள். அந்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, பின்னால் நீல வானம் வைத்து, சட்டம் போட்டுக் கொடுப்பேன். குப்பத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நான் செய்த முகங்கள் மாலை போட்டுக்கொண்டு என்னையே பார்த்தன. ஏன்டா இந்தத் தொழிலுக்கு வந்தோம் என்று நான் நினைத்தது அப்போதுதான்.

தை மாசம் ஒருநாள் பாஞ்சாலை கடைக்கு வந்தாள். உப்பளத்தில் வேலை செய்பவர்கள் கடைக்குள் வரும்போது வாசலிலேயே காலைத் தட்டிவிட்டு வருவார்கள், அப்படித் தட்டிவிட்டு வந்தாள். அறுபதைத் தாண்டியவள். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. இரண்டு பையன்களும் கல்யாணமாகித் திண்டிவனத்தில் இருந்தார்கள். இவள் மட்டும் உப்புப் பாத்தியை விட்டுப் போகமாட்டேன் என்று இங்கேயே இருந்தாள்.

"தம்பி, ஃபிலிம்ல இருந்து போட்டோ எடுக்க முடியுமா?"

"எந்த ஃபிலிம்க்கா? கேமரால போடறதா?"

"சினிமா ஃபிலிம். கொட்டாயில ஓட்டுவாங்களே, அது."

"எடுக்கலாம். யாரு மொகம் வேணும்?"

"அருக்காணி மொகம்."

அருக்காணி அவளுடைய மூத்த பெண். நாலு வயதில் வாந்திபேதியில் போனவள். போய் நாற்பது வருஷம் ஆகப்போகிறது. அதற்கப்புறம் பிறந்த பையன்களுக்கு அக்கா என்பது ஒரு பெயர், அவ்வளவுதான். இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது என்ன என்று கேட்டேன்.

"எல்லாரு ஊட்லயும் போட்டோ மாட்டிக்கிறாங்க. நானும் கண்ண மூடி எம்பொண்ண நெனச்சுப் பார்த்தேன். மொகம் வரல தம்பி. பாவாட வருது, காலு வருது, மூக்கு ஒழுகறதுகூட வருது. மொகம் மட்டும் வரல. எத்தினியோ நாளா நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். பெத்தவ நானே மறந்துட்டேன்."

அவள் அழவில்லை. பயந்துபோயிருந்தாள். உப்பளத்துக்காரர்களில் அந்தக் காலத்தில் யார் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்? ஆனால் அருக்காணி விஷயம் வேறு. அருக்காணி சினிமாவில் வந்தவள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

இங்கே டைரக்டர் அருள்பிரகாசத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சேலத்து ஸ்டுடியோ ஒன்றில் கிளாப் பலகை பிடிக்கிற ஆளாக நுழைந்து, எடிட்டிங் அறையில் ஃபிலிம் ஒட்டி, மெல்ல மெல்ல டைரக்டர் ஆனவர். எல்லோரும் துணியில் மரம் வரைந்து, அதற்கு முன்னால் கதாநாயகியை நிற்கவைத்துப் பாட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு வந்தார். நெசவுக்காரர்களை எடுத்தார், பரிசல்காரர்களை எடுத்தார். பக்கம் பக்கமாக வசனம் பேசிக் கைதட்டல் வாங்கிய காலத்தில் அவர் படத்து ஆட்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். எல்லாவற்றையும்விட அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு பிடிவாதம். துக்கமான இடம் வந்தால் அவர் முகத்தைக் காட்டமாட்டார். ஆளைத் திருப்பி நிற்கவைத்து முதுகைக் காட்டுவார். அழுகிற முகத்தைப் பார்த்தால் ஜனங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், முதுகைப் பார்த்தால் தங்கள் துக்கத்தைப் பார்ப்பார்கள் என்று பேட்டியில் சொல்வார். பத்திரிகைக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கதாநாயகர்களுக்குப் பிடிக்கவில்லை. ஜனங்கள் வருவது என் முகத்துக்கா முதுகுக்கா என்று ஒரு பெரிய நடிகர் செட்டிலேயே சண்டை போட்டுவிட்டுக் கிளம்பிப்போனதாகக் கேள்வி.

அவர் நன்றாக இருந்த காலத்தில் எங்கள் ஊருக்கு வந்து ஒரு படம் எடுத்தார். படத்துக்கு வேறு பெயர் உண்டு, நாங்கள் உப்புப் படம் என்றுதான் சொல்வோம். கறுப்பு வெள்ளையில் எங்கள் உப்பளத்தைப் போல ஒரு இடம் கிடையாது என்று அவர் சொன்னாராம். இந்த வெயிலில் எங்கள் கண் கெட்டுப்போகிறதே என்று நாங்கள் கவலைப்பட்ட அதே வெள்ளைதான். கூலிக்காரன் ஒருவன் உப்பளத்தில் செத்துவிடுகிறான், அவனுடைய சின்னப் பெண் உப்பு அம்பாரங்களுக்கு நடுவே தனியாக நடந்து போகிறாள். படத்தில் எல்லோரும் பேசுவது அந்த இடத்தைத்தான். அதற்குப் பட்டணத்திலிருந்து கூட்டிவந்த குழந்தை வெறும் காலை உப்பில் வைத்ததும் கத்தி ஊரைக் கூட்டிவிட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் அருக்காணி உப்பின்மேல் சும்மா ஓடிக்கொண்டிருந்தாள். டைரக்டர் அவளைக் கூப்பிட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் அங்கே நின்றேன். அம்மாவைப் பார்த்தால் அவளிடம் ஓடிவந்துவிடுகிறாள் என்று பாஞ்சாலையை ஒரு அம்பாரத்துக்குப் பின்னால் போய் உட்காரச் சொன்னார்கள். அவளும் போய் உட்கார்ந்தாள். வெயில் சாயும்வரை திரும்பத் திரும்ப எடுத்தார்கள். கடைசித் தடவை அருக்காணி சொன்னபடி நேராக நடந்தாள். ரொம்ப தூரம் போனபிறகு நின்று, எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஊரே கைதட்டியது. அம்பாரத்துக்குப் பின்னால் இருந்தவளுக்குக் கைதட்டல் மட்டும்தான் கேட்டது.

அந்த மழைக்காலத்திலேயே அருக்காணி போய்விட்டாள். படம் எங்கள் ஊர் டென்ட் கொட்டாய்க்கு வந்தபோது பாஞ்சாலை டிக்கெட் கொடுக்கிற இடம்வரை வந்தாள். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டதும் திரும்பிப் போய்விட்டாள். ஊர் முழுக்கப் பார்த்தது, நானும் பார்த்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அவளிடம் போய், உன் பெண் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள் பார், அந்த இடத்தில் கொட்டாயே விசில் அடித்தது என்று சொன்னார்கள். பக்கத்து வீட்டு முத்தம்மாள் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. பாஞ்சாலையும் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கொட்டாய் ஆபரேட்டர் சேட்டு இளகிய மனசுக்காரர். அவளுக்குத் தைரியம் வருகிற அன்றைக்குப் பகலில் தனியாக ஓட்டிக் காட்டலாம் என்று அருக்காணி வருகிற ஒன்பதாம் ரீலை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, அதன் டப்பாவில் வேறு ஏதோ பழைய படத்து ரீலை வைத்துப் பெட்டியை அனுப்பிவிட்டார். அடுத்த ஊர்க் கொட்டாயில் உப்பளத்துக்கு நடுவே கத்திச் சண்டை வந்திருக்கும், என்ன நினைத்தார்களோ தெரியாது. பாஞ்சாலை அப்புறம் பார்க்கிறேன், அப்புறம் பார்க்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு புயலில் கொட்டாய் சாய்ந்தது. புரொஜெக்டரைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். சேட்டு ரீலைக் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். சில வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

"வெளிச்சத்துல தூக்கிப் பாக்கலியா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே சேட்டு காட்டுனாரு. எறும்பு கணக்கா ஒரு புள்ளி. சுத்தியும் வெள்ள. அதான் அருக்காணின்னாரு."

"சரி, ரீல எடுத்துட்டு வாக்கா. நா பாத்து நல்லதா ஒரு எடத்துல இருந்து எடுத்துத் தர்றேன்."

"சாடியில இருக்குது தம்பி."

அப்போதுதான் மேட்டில் அவள் மடியில் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. "சாடியிலன்னா? எதுல போட்டு வெச்சிக்கிற?"

"உப்புலதான்."

பெருமையாகத்தான் சொன்னாள். ரீல் இருந்த தகர டப்பா உப்புக் காற்றில் துருப்பிடிக்க ஆரம்பித்ததாம். உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எங்கள் ஊர் சைக்கிளைப் பார்த்தாலே போதும். அதனால் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, ரீலை வேட்டித் துணியில் சுற்றி, பீங்கான் சாடியில் உப்பைக் கொட்டி நடுவில் வைத்தாள். மீன் கெடாது, மாங்காய் கெடாது, இது மட்டும் எப்படிக் கெடும்? மழைக்காலத்தில் உப்பு தண்ணீர் விட்டுக்கொள்ளும் என்று ஒவ்வொரு வருஷமும் முதல் உப்பு எடுத்ததும் பழையதைக் கொட்டிவிட்டுப் புது உப்பாக மாற்றினாள். துணியை மட்டும் பிரித்ததில்லை, காற்றுப் படக்கூடாதாம். கொஞ்ச வருஷமாகப் புளித்த வாடை வருகிறது என்றும், நன்றாக ஊறியிருக்கிறது என்று அர்த்தம் என்றும் சொன்னாள்.

ஃபிலிமோடு பிழைக்கிறவனுக்கு அந்தப் புளிப்பு வாடை என்னவென்று தெரியும். ஃபிலிம் சாகிறபோது வருகிற வாடை அது. ஈர உப்புக்கு நடுவே அத்தனை வருஷம். ஆனாலும் உள்சுற்றில் ஏதாவது மிஞ்சியிருக்காதா என்று ஒரு நப்பாசை. ஒரே ஒரு கட்டம் போதும். விரல் நகம் அளவுக்கு ஒரு முகம் கிடைத்தால் மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

கொண்டுவா என்றால் கொடுக்கமாட்டேன் என்றாள். "நீ இருசப்பன் பொண்ணு கல்யாணப் போட்டோவுல மாப்பிள்ள தலைய வெட்டிட்ட. படம் எடுத்தவரு வந்து பிரிக்கட்டும். அவருக்குத்தான் எப்படிப் பிரிக்கணும்னு தெரியும்." தலை வெட்டியது உண்மைதான். மாப்பிள்ளை பனைமரம் உயரம், நான் என்ன செய்வது.

எடுத்தவர் அப்போது உயிரோடு இருந்தார். கலர் படம் வந்ததும் அவர் தொழில் படுத்துவிட்டது. தயாரிப்பாளர்களுக்குக் காஷ்மீர் வேண்டியிருந்தது, நடிகர்களுக்கு முகம் வேண்டியிருந்தது. பிடிவாதமாக ஒரு கலர் படம் எடுத்தார், அது போன சுவடு தெரியாமல் போயிற்று. அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டின் பின்கட்டில் இருபது இருபத்தைந்து வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு எங்கோ வெளிநாட்டில் அவர் படம் ஒன்றைத் திரையிட்டு, அதைப் பற்றி எவரோ எழுதி, நம் ஆட்களுக்கு அவர் மேதை என்று தெரியவந்தது. உயிரோடு இருக்கிற மனுஷனைக் கால்நூற்றாண்டு மறந்துவிட்டு, அப்புறம் சால்வை போர்த்தி மூச்சு முட்டவைப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. உப்புப் படத்தின் நெகட்டிவ் ஒரு தீ விபத்தில் எரிந்துபோயிருந்தது. மிஞ்சியது ஒரே ஒரு பிரிண்ட், அதில் ஒன்பதாம் ரீல் இல்லை. அந்த ரீல் இல்லாமலே அதைத் திரையிட்டார்கள். கதை திடீரென்று தாவுவதை டைரக்டரின் புதுமையான உத்தி என்று புகழ்ந்து எழுதியவர்களும் உண்டு. அதைப் படித்துவிட்டுக் கிழவர் அன்று சாப்பிடவில்லை என்று எனக்குச் சொன்னது மெர்லின்.

மெர்லின் பாண்டிச்சேரிப் பெண். அருள்பிரகாசத்தின் படங்களை எல்லாம் சேர்த்துச் சென்னையில் விழா எடுக்கப்போகிற குழுவில் இருந்தவள். பேப்பரில் அவள் பேட்டியைப் பார்த்துத்தான் போன் போட்டேன். ஒன்பதாம் ரீல் என்றதும் எங்கே, எங்கே என்று கத்தினாள். உப்பில் இருக்கிறது என்பதையும் சொன்னேன். உப்பிலா என்று திருப்பிக் கேட்டாள்.

பங்குனி வெயிலில் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தாள். எண்பதைத் தாண்டியவர், ஒல்லி, கையில் தடி. கார் உப்பளத்து வரப்போடு நின்றுவிட்டது. அங்கிருந்து பாஞ்சாலை வீட்டுக்கு நடந்தே வந்தார். வழியெல்லாம் அம்பாரங்களைப் பார்த்துக்கொண்டு, இங்கே ட்ராலி போட்டோம், இங்கே ரிஃப்ளெக்டர் வைத்தோம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடம்கூட அவருக்கு மறக்கவில்லை. பாஞ்சாலை அவரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்து, பையன் எடுத்துக்கொடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். சுவரில் ஆணி அடித்துவைத்திருந்தாள். போட்டோ மாட்டுவதற்கு.

களிமண்ணைத் தட்டி, துணியை அவிழ்த்ததும் வாடை எழுந்தது. மெர்லின் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கிழவர் பொத்தவில்லை. அந்த வாடையை முகர்ந்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், தடியைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாஞ்சாலை உப்பைக் கையால் அள்ளி அள்ளி ஒரு முறத்தில் போட்டாள். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல அடியில் இரண்டு கையையும் கொடுத்து மூட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

அவர் துணியைப் பிரித்தார். துணி தனியாக வரவில்லை, ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்தது ரீல் இல்லை. பழைய புளி உருண்டை மாதிரி, கறுத்து, கசிந்து, ஒரே கட்டியாக இருந்தது. அவர் நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். பிசுபிசுவென்று ஒரு துண்டு வந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நானும் பார்த்தேன். கண்ணாடி மாதிரி சும்மா இருந்தது. ஃபிலிமின் மேலிருந்த படம் எல்லாம் கரைந்து எப்போதோ துணியில் இறங்கிவிட்டிருந்தது.

"போச்சு" என்றார்.

"உள்ள பாருங்கய்யா. உள்ள நல்லா இருக்கும். நா வருசா வருசம் புது உப்புதான் போட்டேன்."

மெர்லின் வெளியே போய்விட்டாள். கிழவர் அந்தக் கட்டியை இரண்டாகப் பிளந்தார். உள்ளேயும் அப்படியேதான் இருந்தது. பாஞ்சாலை அதை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். எப்படிக் கெட்டது என்று அவள் கேட்பாள், உப்புதான் என்று நான் சொல்லவேண்டி வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"சரி, போவட்டும்" என்றாள். "ஐயா, நீங்க எத்தினியோ தபா பாத்திருப்பீங்க. எடுத்தவரு, ஒட்டுனவரு. எம்பொண்ணு மொகம் எப்படிய்யா இருந்திச்சு அதுல? நீங்க சொல்லுங்க, நா மனசுல வெச்சிக்கிறேன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. வழியெல்லாம் ட்ராலி முதல் ரிஃப்ளெக்டர் வரை ஞாபகம் வைத்திருக்கிற மனுஷன், இதைச் சொல்லமாட்டாரா? வட்ட முகம், பெரிய கண், ஏதாவது சொன்னால் போதும். அவர் அந்தத் துண்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, அதுல முகம் இல்லம்மா."

"கெட்டுப்போனதச் சொல்லல. முன்ன நல்லா இருந்தப்ப."

"நல்லா இருந்தப்பவும் இல்ல. நடந்து போறது மட்டும்தான். முதுகு மட்டும்தான் வரும்."

"இல்லீங்கய்யா. கடைசியில திரும்பிப் பாத்துச் சிரிப்பாளே. ஊரே பாத்துச்சே." அவள் என்னைக் காட்டினாள். "இந்தத் தம்பியும் பாத்துச்சு. சொல்லு தம்பி."

நான் வாயைத் திறந்தேன். சிரிப்பு என் கண்முன்னால் நன்றாகத் தெரிந்தது. உப்பு, வெயில், பாவாடை, திரும்பிய தலை. அதில் பாவாடை பச்சை நிறமாக இருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை ஏது? நான் பார்த்தது கொட்டாயில் இல்லை. ஷூட்டிங்கில். ஊர் முழுக்க அன்றைக்கு ஷூட்டிங்கில் பார்த்துவிட்டு, அதைப் படத்தில் பார்த்ததாக இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம். வேறு ஊர்க்காரன் யாருக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது.

"சிரிச்சா" என்றார் கிழவர். "அது உண்மைதான். திரும்பிப் பாத்துச் சிரிச்சா. அதையும் எடுத்தேன். அப்பன் செத்த பிள்ளை சிரிக்கக்கூடாதுன்னு எடிட்டிங்ல நான்தான் வெட்டிட்டேன்."

இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? படத்தில் பொய் இருக்கக்கூடாது என்று வாழ்நாளெல்லாம் சண்டை போட்ட ஆள் என்று மெர்லின் பிறகு சமாதானம் சொன்னாள். படம்தான் போய்விட்டதே, இனி யாருக்காக அந்த நேர்மை என்று கேட்டேன்.

பாஞ்சாலை அந்தத் துண்டை எடுத்துக் கட்டியோடு சேர்த்துத் துணியால் மூடினாள். அப்புறம், "எப்படிச் சிரிச்சாய்யா?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "ஞாபகம் இல்லம்மா" என்றார். எழுந்து, தடியைக்கூட எடுக்காமல் வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். அந்த முதுகு குலுங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை.

விழா நடந்தது. ஒன்பதாம் ரீல் வருகிற இடத்தில் திரையைக் கொஞ்ச நேரம் வெறும் வெள்ளையாக விட்டார்களாம், கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதாம். அழைப்பு வந்திருந்தது, நான் போகவில்லை. இங்கே பாஞ்சாலை வழக்கம்போல வேலைக்குப் போனாள். உப்பளத்தில் ஒருநாள் முத்தம்மாள் எதையோ பேசப்போய், "ஒம்பொண்ணு திரும்பிப் பாத்துச் சிரிப்பாளே" என்று பழைய கதையை எடுத்திருக்கிறாள். முத்தம்மாளுக்கு நடந்தது தெரியாது. பாஞ்சாலை மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எப்படிச் சிரிச்சா, சொல்லு" என்று கேட்டிருக்கிறாள். முத்தம்மாள், அதான், நல்லா சிரிச்சா என்றாளாம். பல்லு தெரிஞ்சுதா, கன்னத்துல குழி விழுந்துச்சா, யாரு சாயல் என்று இவள் விடாமல் கேட்க, முத்தம்மாளுக்கு ஒன்றுமே வரவில்லை. அவளும் மறந்துவிட்டிருந்தாள். நானும்தான். பச்சைப் பாவாடை ஞாபகம் இருக்கிறது, திரும்பியது ஞாபகம் இருக்கிறது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெயில்தான் இருக்கிறது. அதற்கப்புறம் முத்தம்மாள் அந்தக் கதையைச் சொல்லுவதில்லை.

மறுவருஷம், இரண்டாயிரத்து ஆறில், அருள்பிரகாசம் காலமானார். பேப்பரில் அரைப் பக்கம் போட்டிருந்தார்கள். முகங்களைக் காட்டாமல் மனங்களைக் காட்டிய மேதை என்று தலைப்பு. நான் அதை மடித்து மேஜைக்கு அடியில் போட்டுவிட்டேன். ஆனால் டீக்கடையில் யாரோ சொல்லி, பாஞ்சாலைக்குத் தெரிந்திருந்தது. காலையில் வேலைக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தாள். வாசலில் காலைத் தட்டினாள்.

"அவரு போயிட்டாராமே."

"ஆமாக்கா."

"வெட்டிட்டேன்னு சொன்னாரே. வெட்டுனத எங்க தம்பி போடுவாங்க?"

ஒரு வருஷமாக அவள் இதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவரிடம் கேட்காமல் விட்டதற்காகத் தன்மேலேயே கோபமாக இருந்தாள். என்னால் அந்தக் கிழவரைப்போலப் பொய் சொல்லாமல் இருக்கமுடியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் எதைச் சொல்வது? பத்திரமாக எடுத்துவைத்திருப்பார்கள் என்று சொன்னால் அவள் தேடப் போய்விடுவாள்.

"எடிட்டிங் ரூம்புல கீழ கெடக்கும்க்கா. சாயங்காலம் பெருக்கிக் குப்பையில கொட்டிருவாங்க."

"எந்த ஊரு குப்பையில?"

"மெட்ராசுல."

அவள் தலையாட்டிக்கொண்டாள். சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள். அவள் மெட்ராஸ் போனதே இல்லை.

"மெட்ராசு ரொம்பப் பெருசா தம்பி?"

"பெருசுதான்க்கா" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு உப்பளத்துப் பக்கம் நடந்தாள். அன்றைக்கு உப்பு வாருகிற நாள்.